அரையடி பின்னால்

எனக்குப் பேண்ட் தைக்கும் தையல்காரர் வலது தொடைக்கு மட்டும் இரண்டு விரல் துணி கூடுதலாக விடுவார். முதல் தடவை அளவெடுத்தபோது நாடாவைத் திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், கடவுள் உங்களை ரெண்டு ஆளுக்கு வெட்டின துணியை ஒட்டுப் போட்டுத் தெச்சிருக்கார்" என்றார். வாள்வீச்சுக்காரர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். வாள் பிடித்த கைப்பக்கத்துக் கால்தான் எப்போதும் முன்னால் பாயும். வருடக்கணக்கில் ஒரே கால் பாய்ந்தால் அது பெருக்காமல் என்ன செய்யும்.

நேற்று விசாரணை அதிகாரியாக உங்கள் முடிவை வாசித்துக் காட்டினீர்கள், மேடம். நீங்கள் நல்ல மாதிரி. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டீர்கள், மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தீர்கள். கிளப் செயலாளர் பின்னாலேயே வந்து என் தோளைத் தட்டி, "தப்பிச்சீங்க சார். நிம்மதியாப் போய்த் தூங்குங்க" என்றார். போனேன். தூக்கம்தான் வரவில்லை. நீங்கள் வாசித்ததில் ஒரு வார்த்தை முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது. 'பயிற்சியாளரின் அறியாமையால் நேர்ந்த விபத்து.' அந்த 'அறியாமை'யை நீங்கள் எடுத்துவிட வேண்டும். அதற்காகத்தான் அலுவலகம் திறக்கும் முன்பே வந்து உங்கள் அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். வேறு எந்தக் கோரிக்கையும் எனக்கு இல்லை.

முறையாகச் சொல்கிறேன். எங்கள் கூடம் முன்பு மரச்சாமான் கிடங்காக இருந்தது. இப்போதும் மழை பெய்தால் தகரக் கூரை போடும் சத்தத்தில் வாள் சத்தம் கேட்காது. நுழைந்ததும் இடது கைப்பக்கம் சுவரில் எங்கள் மூன்று பேருடைய படமும் மாட்டியிருக்கும், கீழே அவரவரைப் பற்றி நாலு வரி. புதிதாகப் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் அதன் முன்னால்தான் நின்று, சந்தையில் மாடு பார்ப்பது போல எங்களைப் பார்ப்பார்கள்.

முதல் படம் பட்டாளத்தாருடையது. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர், சேபர் என்ற வெட்டு வாளுக்குப் பயிற்சியாளர். அவருக்கு வாளைவிட வாய் நீளம். தொடை நடுங்கும்வரை பிள்ளைகளை அரைக்குந்தலில் நிற்க வைத்துவிட்டுத் தன் பழைய முகாம் கதைகளைச் சொல்வார். எவன் பெயரும் அவருக்கு நினைவில் நிற்காது. "டேய் மூக்கா", "ஏய் ரெட்டைச்சடை" என்றுதான் கூப்பிடுவார். பிள்ளைகளுக்கு அவர் மேல் உயிர். அவரோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை.

மூன்றாவது படம் கடைசியாக வந்தவருடையது. அதற்குக் கீழே நாலு வரி பத்தாமல் பக்கவாட்டிலும் எழுதியிருந்தார்கள். தேசிய அணியில் ஆடினார், வெளிநாட்டில் பயிற்சி எடுத்தார், அங்கே பதக்கம், இங்கே பதக்கம். முழங்கால் போய் ஆட்டத்தை விட்டவர். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார், அந்தக் குறை தெரியாமலிருக்க எந்நேரமும் சிரிப்பார். பிள்ளைகள் சிரிப்பு மாஸ்டர் என்றே வைத்துவிட்டார்கள். அவர் வகுப்பில் வரிசை கிடையாது. ஒருவன் கையுறையைத் தூக்கிப் போடுவான், இன்னொருவன் பாய்ந்து பிடிக்கவேண்டும், அதுதான் பாடம். அடி வாங்கிய பிள்ளையிடமே போய், "ஏன் அடி வாங்கினே, நீயே சொல்லு" என்பார். பிள்ளை எதிர்க்கேள்வி கேட்டால், "தெரியலையே, யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்" என்பார். சம்பளம் வாங்குகிற மனிதன், பெற்றோர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வெட்கமே இல்லாமல் தெரியலையே என்கிறார். பெற்றோர் அதற்கும் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

நடுவில் இருப்பது நான். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தேன். நாற்பது நாள் முகாம் ஒன்றில் ஃபாயில் என்ற குத்து வாள் கற்றுக்கொண்டு வந்தேன். அந்தக் கிடங்கில் எலி ஓடிய காலத்தில், தரையைக் கழுவிச் சுண்ணாம்பால் கோடு போட்டவன் நான். என் முறை அளவு. பாதத்துக்கும் பாதத்துக்கும் இடைவெளி இவ்வளவு, முழங்கை இடுப்பிலிருந்து இவ்வளவு என்று மரச்சட்டம் வைத்து அளப்பேன். அதனால் எனக்கு ஸ்கேல் மாஸ்டர் என்று பெயர். என் படத்துக்குக் கீழே என்ன எழுதினார்கள் தெரியுமா. 'குறுகிய காலப் பயிற்சி பெற்றவர். தொடக்க நிலையினருக்கு.' அவ்வளவுதான். பக்கவாட்டில் எழுதவேண்டிய தேவையே வரவில்லை. அதைத் தாண்டித்தான் நான் தினமும் உள்ளே போகவேண்டும். ஒவ்வொரு தடவையும் வயிறு எரியும். அப்படியே உள்ளே போய், "குட் ஈவினிங்" என்பேன்.

இனி துரும்பு. என் அக்கா மகள். ஊதினால் பறந்துவிடுவாள் போலிருப்பதால் நான் வைத்த பெயர்தான் அது, கடைசியில் கூடமே அப்படிக் கூப்பிட்டது. அத்தானுக்கு வேலை வெளியூரில். அக்காவுக்கு வேலை முடிந்து வரப் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே பள்ளி விட்டதும் அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கூடத்துக்கு வருவேன். வாளைத் தூக்கக்கூட வலுவில்லாத வயதிலிருந்து அவளுக்கு நான்தான் எல்லாம். எனக்குப் பிள்ளை இல்லை. இதை அனுதாபத்துக்குச் சொல்லவில்லை, கணக்குப் புரியவேண்டும் என்று சொல்கிறேன். சுவரில் என் படத்துக்குக் கீழே அவர்கள் எழுதாத வரிகளை அவள்தான் எழுதப் போகிறாள் என்று நினைத்திருந்தேன். பதினேழு வயதில் தேசிய அணித் தேர்வுக்கு அவளைக் கூப்பிட்டும் விட்டார்கள்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அது நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, கூடம் நிறையப் பெற்றோர். துரும்பு பாய்ந்து பாய்ந்து பயிற்சி செய்துகொண்டிருக்கிறாள். சிரிப்பு மாஸ்டர் காலை இழுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"சார், பாப்பா முட்டி உள்ள விழுது பாருங்க" என்றார், சிரித்துக்கொண்டே. "பாதமும் உள்ள திரும்புது. இப்பவே சரி பண்ணிடணும், இல்லைன்னா பின்னாடி கஷ்டம்."

நாலு பெற்றோர் திரும்பிப் பார்த்தார்கள். பட்டாளத்தார்கூட வாயை மூடினார். "அது அவளோட ஸ்டைல்" என்றேன். துரும்பு முகமூடியைக் கழற்றித் தன் காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். என்னைப் பார்த்தல்ல.

அன்று சாயங்காலமே அவர் என்னைத் தேடி வந்து டீக்கடைக்கு அழைத்துப் போனார். எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கக் கூடாது, தப்புத்தான், மன்னிச்சிடுங்க என்றார். அதோடு விட்டிருக்கலாம். தன் கால் போன கதையை ஆரம்பித்தார்.

"எனக்கும் இதே மாதிரிதான் சார். முட்டி உள்ள விழும். ஜெயிச்சுக்கிட்டு இருந்தேன், அதனால யாரும் சொல்லலை. சும்மா ஒரு நாள்ல போயிடாது. கால் நல்லா அசந்து போயிருக்கணும். அன்னிக்கு எதிராளி கடைசி நேரத்துல அரையடி பின்னால போனான். எட்டிடலாம்னு இன்னும் கொஞ்சம் நீட்டினேன். பாதம் தரையில ஊணிக்கிச்சு, உடம்பு திரும்பிச்சு. உள்ள ஏதோ கயிறு அறுந்த மாதிரி இருந்தது. அதோட சரி."

அவர் கண் கலங்கியிருந்தது. டீக்குக் காசு நானே கொடுத்தேன்.

வீட்டுக்குப் போனதும் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று நானே ஒரு பாய்ச்சல் பாய்ந்து பார்த்தேன். என் முழங்காலும் உள்ளே விழுந்தது. நாற்பது நாள் முகாமில் எவனும் அதைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. மரச்சட்டம் வைத்து எல்லாவற்றையும் அளந்தேன், இதை அளக்கவில்லை. அதுவரை அறியாமை இருந்தது, மேடம், ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கண்ணாடி முன்னால் அது முடிந்துவிட்டது. உங்கள் அறிக்கை அதற்குப் பிறகு நடந்ததற்கும் சேர்த்து அதே வார்த்தையைப் போடுகிறது. நான் மறுப்பது அதைத்தான்.

சான்று வேண்டுமென்றால் என் மற்ற மாணவர்களைக் கூப்பிட்டுப் பாயச் சொல்லுங்கள். அந்த வாரமே ஒவ்வொரு பிள்ளையின் முழங்காலையும் நிமிர்த்திவிட்டேன். 'புதுப் பயிற்சி' என்று பெயர் வைத்து, விரலுக்கு நேராக முட்டி, விரலுக்கு நேராக முட்டி என்று தொண்டை வற்றக் கத்தினேன். ஒரு பிள்ளைக்கும் இப்போது உள்ளே விழாது. தெரியாதவன் இதைச் செய்ய முடியுமா.

துரும்பை மட்டும் நான் திருத்தவில்லை. திருத்தினால் அவர் சொன்னது சரி, பத்து வருடமாக மாமா சொன்னது தப்பு என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஏற்கெனவே தலையசைத்தவள். மற்றவர்கள் அந்தப் பயிற்சி செய்யும்போது அவளைத் தனியாக அந்தப் பக்கம் கூட்டிப் போய், "உனக்கு இது வேண்டாம்டா. உன் பாய்ச்சல் தனி. உன்னைப் பார்த்து அந்தாளுக்குப் பொறாமை" என்றேன். அவள் நம்பினாள். பாதத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே திருப்பச் சொன்னேன். அப்படித் திருப்பினால் குத்து எங்கே வருகிறது என்று எதிராளிக்குச் சட்டென்று பிடிபடாது, புள்ளியும் விழுந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம்.

ஒரு நாள், "மாமா, முட்டிக்குள்ள என்னமோ இழுத்துப் பிடிக்குது" என்றாள்.

"வளர்ற வயசு. அப்படித்தான் இருக்கும்" என்றேன். வீட்டுக்கு வந்ததும் நானே ஐஸ் வைத்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, அது கரையும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா பார்த்துவிட்டு, பெத்த அப்பன்கூட இப்படிப் பண்ண மாட்டான் என்றாள்.

அப்போதுகூட எனக்கு வேறு எண்ணம் இருந்ததாகச் சொல்ல முடியாது. விட்டுப் பிடிக்கலாம், தேர்வு முடியட்டும், பிறகு நானே கண்டுபிடித்ததாகச் சொல்லித் திருத்திக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவர்கள்தான் பொறுக்கவில்லை.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அக்காவும் அவளும் வந்தார்கள். அக்கா கையில் பழப்பை. அதைப் பார்த்ததுமே ஏதோ விவகாரம் என்று தெரிந்துவிட்டது. சொந்தத் தம்பி வீட்டுக்கு யார் பழம் வாங்கிக்கொண்டு வருவார்கள்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதே" என்றாள் அக்கா. "பெரிய இடத்துல ஆடினவர்கிட்ட கொஞ்ச நாள் போகட்டுமே. நீ ஆரம்பிச்சு வெச்சே, அது எங்களுக்கு மறக்காது."

ஆரம்பித்து வைத்தேனாம். தொடக்க நிலையினருக்கு. துரும்பு தரையைப் பார்த்துக்கொண்டே, "மாமா, முட்டியை அவர் சரி பண்ணிடுவேன்னு சொல்றார்" என்றாள்.

எனக்கு உள்ளே எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் நான் கத்தவில்லை, கையை ஓங்கவில்லை. என் மனைவியைக் கேளுங்கள், காபி போடச் சொன்னேன். தாராளமாப் போகட்டும் என்றேன். "ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கு. விடைப்பாடம் முடிச்சிட்டுப் போகட்டும்" என்றேன்.

விடைப்பாடம் எங்கள் கிளப்பில் மட்டும் இருக்கும் வழக்கம். ஒரு மாணவர் ஒரு பயிற்சியாளரை விட்டு இன்னொருவரிடம் போகும்போது, பழையவர் எல்லோர் முன்னிலையிலும் ஒரு கடைசிப் பாடம் நடத்துவார். மாணவர் போதும் என்று சொல்லக்கூடாது. பழைய பயிற்சியாளர் தன் வாளை எப்போது தாழ்த்துகிறாரோ அப்போதுதான் பாடம் முடியும். அதுவரை புதியவர் தளத்தின் மறுமுனையில் வாய் திறக்காமல் நிற்கவேண்டும். முடிந்ததும் மாணவர் இவருக்கு வாள் வணக்கம் சொல்லிவிட்டு அவரிடம் நடந்து போவார். பார்க்க அழகாக இருக்கும். சிலர் அழுவார்கள். வழக்கமாகக் கால் மணி நேரம் நடக்கும்.

விடைப்பாடத்தன்று எல்லோரும் வந்திருந்தார்கள். அக்கா முதல் வரிசையில். துரும்பு வெள்ளை உடுப்பைத் தோய்த்து இஸ்திரி போட்டு வந்திருந்தாள். தனிப்பாடம் எப்படி என்றால், பயிற்சியாளர் வாளை விலக்கித் தன் நெஞ்சைத் திறந்து காட்டுவார், மாணவர் அந்த நொடியே பாய்ந்து குத்தவேண்டும். தூரம் எங்கள் கையில். நாங்கள் எங்கே நிற்கிறோமோ அங்கே அவர்கள் வந்தாக வேண்டும்.

கால் மணி நேரம் போயிற்று. வாளைத் தாழ்த்தவில்லை. நன்றாகப் பாய்ந்தாள், உள்ளபடி சொன்னால் அவ்வளவு நன்றாக அவள் பாய்ந்து நான் பார்த்ததில்லை. மாமாவுக்குக் கொடுக்கிற கடைசி மரியாதை என்று நினைத்திருப்பாள். நான் திறந்து காட்டிக்கொண்டே இருந்தேன். பெற்றோர் கை தட்டினார்கள், பிறகு தட்டுவதை நிறுத்தினார்கள். பட்டாளத்தார் தொண்டையைச் செருமினார். முகமூடிக்குள் அவள் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. தொடை நடுங்க ஆரம்பித்தது. முழங்கால் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

மறுமுனையிலிருந்து, "சார், போதும் சார்" என்று ஒரு குரல் வந்தது. அவர்தான். வாய் திறக்கக் கூடாது என்பது விதி. மீறினார். அதையும் உங்கள் அறிக்கையில் காணோம். நான் முகமூடி போட்டிருந்ததால் அவர் அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தாரா என்று என்னால் சரியாகப் பார்க்க முடியவில்லை. "சார், அவ முட்டி" என்று மறுபடியும் கத்தினார், காலை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

அவர் வந்து சேரும் முன் இன்னொரு பாய்ச்சலுக்கு நேரம் இருந்தது. நெஞ்சைத் திறந்து காட்டினேன். அவள் புறப்பட்டாள். அரையடி பின்னால் போனேன்.

சத்தம் பெரிதாக இல்லை. கைகளை ஊன்றி விழுந்தாள். நான் வாளைத் தாழ்த்தினேன். விதிப்படி பாடம் அப்போதுதான் முடிந்தது.

நான் அவளைத் தொடவில்லை. இதைப் பலரிடம் கேட்டு நீங்களே உறுதி செய்துகொண்டீர்கள். பயிற்சியாளர் பின்னால் போவது குற்றம் என்று எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் எங்கே போனேன், எவ்வளவு போனேன், எப்போது போனேன் என்று எனக்குத் தெரியும். அந்த டீக்கடையில் அவர் சொன்னதை ஒன்று விடாமல் வரிசைப்படி செய்தேன். நல்ல பாடம் என்றால் அப்படித்தான், முதலில் காலை அசந்துபோக வைக்கவேண்டும், பிறகு தூரத்தைக் கூட்டவேண்டும். டாக்டர்கள் அவள் நடப்பாள் என்கிறார்கள். வாள் பிடிக்க வேண்டாம் என்கிறார்கள். தேர்வு போன வாரம் முடிந்துவிட்டது.

இவ்வளவுக்கும் பிறகு அந்த மனிதர் உங்கள் முன்னால் வந்து என்ன சொன்னார். "அவரைத் தண்டிக்காதீங்க மேடம். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவங்க அப்படி. பாவம், அவருக்குத் தெரியாது." என் மேல் இரக்கப்படுகிறார். அந்த இரக்கத்தைத்தான் நீங்கள் அப்படியே அறிக்கையில் இறக்கி வைத்திருக்கிறீர்கள். நாளைக்கு அதைக் கிளப் சுவரில் என் படத்துக்குக் கீழேயும் எழுதுவார்களா. எனக்குத் தெரியும், மேடம். கூடத்தில் அன்று இருந்தவர்களில் என்ன நடக்கப் போகிறது என்று துல்லியமாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வேண்டுமென்றே செய்தேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். போலீஸைக் கூப்பிடுவதானால் கூப்பிடுங்கள். தெரியாமல் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

அவளைப் போய்ப் பார்த்தேனா என்று கேட்கிறீர்கள். பார்க்காமல் இருப்பேனா, என் அக்கா மகள். கால் முழுக்கக் கட்டு. என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தாள். "நீங்க பின்னால போனது தெரிஞ்சுது மாமா. நான்தான் எட்டிடலாம்னு நெனச்சேன். தப்பு என் மேலதான்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை விட்டுப் போறேன்னு சொன்னேன் இல்ல, அதான் இப்படி ஆயிடுச்சு. என்னை மன்னிச்சிடுங்க மாமா" என்று அழுதாள். அக்காவும் அழுதாள். எனக்கு எதையும் மனதில் வைத்துக்கொண்டு கறுவுகிற பழக்கம் கிடையாது, மேடம். தலையைத் தடவிக் கொடுத்து, அங்கேயே அவளை மன்னித்துவிட்டேன்.